மடியில் முறம் இருக்க 'வேலைக்குப் போகலை' என்கிறாரே, அது பொய்யா?

ஒரு முதுகலை மாணவி கேட்டிருக்கிறார்: "தென்காசி பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் சர்வே எடுக்கிறேன். 120 வீட்டில் 60 முடிந்துவிட்டது. 'நீங்கள் வேலைக்குப் போகிறீர்களா?' என்றால் பீடி சுற்றிக்கொண்டே 'இல்லை' என்கிறார்கள். மாத வருமானம் கேட்டால் எல்லோரும் முழுத் தொகையாக ஏதோ ஒன்று சொல்கிறார்கள். திருப்தியா என்றால் பாதிக்கு மேல் 'பரவாயில்லை'. பொய் சொல்கிறார்களா, நான் கேட்பது தப்பா?"

பொய் இல்லைங்க. உங்கள் கேள்விக்கு அவர் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். வேலைக்குப் போவது என்றால் அந்த ஊரில் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போவது. அவர் எங்கும் போகவில்லை, வீட்டில் 'சும்மா' இருக்கிறார், அந்த சும்மா இருக்கும் நேரத்தில் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான பீடி சுற்றுகிறார். நீங்கள் ஒன்றைக் கேட்டீர்கள், அவர் வேறொன்றாகப் புரிந்துகொண்டார்.

பதில் ஏற்கெனவே மனதுக்குள் எழுதி வைத்தபடி இருக்கும், நாம் போய் வாங்கி வந்தால் போதும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. கேட்ட அந்தச் சில நொடிகளில்தான் பதிலே உருவாகிறது. ரோஜர் டூராஞ்சோ போன்ற ஆய்வாளர்கள் இதை நான்கு படியாகப் பிரித்தார்கள்: கேள்வி என்ன கேட்கிறது என்று புரிந்துகொள்வது, நினைவில் தேடுவது, கிடைத்ததை வைத்து ஒரு கணக்குப் போடுவது, அதைப் படிவத்தில் நீங்கள் நீட்டும் விடைக் கட்டத்துக்குள் பொருத்துவது. நான்கில் எங்கே வேண்டுமானாலும் வழுக்கும். உங்கள் முதல் கேள்வி முதல் படியிலேயே வழுக்கிவிட்டது.

அதனால் 'வேலை' என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள். "நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செஞ்சீங்க அக்கா?" என்று நாளை நடத்திக்கொண்டு போங்கள். இலை வெட்டியது, தூள் வைத்துச் சுற்றியது, கடையில் கொடுத்துவிட்டு வந்தது எல்லாம் தானாக வரும். 1998-99ல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இந்த வழியில் போனதுதான். வேலை என்று யாரும் எண்ணாத வேலையைப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வருமானத்தில் சிக்கல் இரண்டாவது, மூன்றாவது படியில். கூலி வாரக் கணக்கில் வருகிறது, நீங்கள் மாதத்துக்குக் கேட்கிறீர்கள். நாலால் பெருக்கி, இலை சரியில்லாத வாரத்தைக் கழித்து, கல்யாண வீட்டுக்குப் போன நாட்களை விட்டுக் கணக்குப் போட யாருக்கும் பொறுமை இருக்காது, ஒரு முழு எண்ணைச் சொல்லிவிடுவார். போன வாரம் எத்தனை ஆயிரம் பீடி கொடுத்தீர்கள், கையில் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். பெருக்கல் உங்கள் வேலை.

ஆனால் வாரத்தையும் மாதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் கேட்டுவிடாதீர்கள். மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு 1999-2000ல் உணவுச் செலவை 7 நாளுக்கும் 30 நாளுக்கும் ஒரே படிவத்தில் அடுத்தடுத்துக் கேட்டது, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி பதில்கள் வளைந்துவிட்டன என்ற சந்தேகம் எழுந்தது. அதை வைத்து வந்த வறுமை விகிதம் 1993-94ன் 36 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாக இறங்கியதில், நிஜமாகக் குறைந்தது எவ்வளவு, கேள்வியின் அமைப்பால் குறைந்தது எவ்வளவு என்று பொருளியலாளர்கள் வருடக்கணக்கில் வாதாடினார்கள். ஒரு நாட்டின் வறுமைக் கணக்கையே கிளறிவிட்ட விஷயம் இது, சின்னதாக நினைக்காதீர்கள்.

கட்டங்களும் பேசும். ஜெர்மனியில் தினமும் எவ்வளவு நேரம் டிவி பார்க்கிறீர்கள் என்று இரண்டு குழுவிடம் கேட்டார்கள் (1985ல் வெளியானது). அரை மணியில் தொடங்கும் கட்டங்களைப் பார்த்தவர்களில் இரண்டரை மணிக்கு மேல் என்றவர்கள் 16.2 சதவீதம், இரண்டரை மணியிலேயே தொடங்கும் கட்டங்களைப் பார்த்தவர்களில் 37.5 சதவீதம். நடுக்கட்டம்தான் ஊரில் எல்லோருக்கும் வழக்கம் போல என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே தொகைக்குக் கட்டம் வேண்டாம், எண்ணை அப்படியே எழுதுங்கள்.

அப்புறம் அந்தப் 'பரவாயில்லை'. நல்லாத்தான் இருக்கு என்பதற்கும் அதுதான், என்ன செய்வது விடுங்கள் என்பதற்கும் அதுதான். படிவத்தில் 'ஓரளவு திருப்தி' என்று இருக்கிறது, அப்படி யாராவது பேசுவார்களா? மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது, நீங்கள் மகளிர் உரிமைத் தொகைக்கு விசாரிக்க வந்தவரோ, பீடிக் கடையில் சொல்லிவிடுவீர்களோ என்ற யோசனையும் ஓடும்போது வேறென்ன பதில் வரும்? போன வாரம் கடையில் எத்தனை பீடியைச் சரியில்லை என்று கழித்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் மகள் இந்தத் தொழிலுக்கு வந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு மாதிரி வரும்.

இதெல்லாம் எனக்குப் புரிந்தது ஒரு பாட்டியிடம். கடந்த ஒரு மாதத்தில் மருத்துவமனைக்குப் போனீர்களா என்றேன், இல்லை என்றார். கிளம்பும்போது பார்த்தால் அலமாரியில் மாத்திரை அட்டை. அடுத்த தெரு டாக்டரிடம் மூன்று ஊசி போட்டிருக்கிறார். "ஆஸ்பத்திரின்னா படுக்கிறதுதானே தாயி?" அது மட்டுமில்லை, ஒரு மாதம் என்றதும் அவர் ஆடி ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறார். அன்றிலிருந்து எந்தக் கேள்வித்தாளையும் முதலில் ஐந்தாறு பேரிடம் மட்டும் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் "என்ன நெனச்சு அப்படிச் சொன்னீங்க?" என்று விசாரிக்காமல் களத்துக்கு எடுத்துப் போவதில்லை. நீங்களும் மீதி 60 வீட்டுக்குப் போகும் முன் ஒரு நாள் ஒதுக்கி இதைச் செய்யுங்கள்.

முடித்த 60 படிவத்தைத் தூக்கிப் போட வேண்டாம், புதியதோடு கலக்கவும் வேண்டாம். அவற்றில் 15 வீட்டுக்காவது திரும்பப் போய்ப் புதிய கேள்வியைக் கேளுங்கள். பழைய பதிலும் புதிய பதிலும் எவ்வளவு மாறுகின்றன என்பதை ஆய்வேட்டில் தனி அத்தியாயமாகவே எழுதலாம், உங்கள் வழிகாட்டியிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.