எஃப்.சி. முடியப்போகும் பைக்கை வாங்கலாமா?

கேள்வி: 2011 அக்டோபரில் பதிவான ஸ்பிளெண்டர் பிளஸ் ஒன்று விலைக்கு வருகிறது. "எஃப்.சி. முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. நீங்களே காட்டிக்குங்க, சும்மா ஆயிரம் ரூபாய்தான்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வண்டி பிடித்திருந்தால் வாங்குங்கள். ஆனால், எஃப்.சி.யை அவரே காட்டி, அவர் பெயரிலேயே புதுப்பித்துத் தரட்டும்.

சொந்த உபயோக பைக்கின் ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இதைத்தான் பேச்சுவழக்கில் எஃப்.சி. என்கிறோம். காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து இந்த முதல் புதுப்பிப்புக்குக் கட்டணம் 1,000 ரூபாய். அந்த மட்டில் அவர் சொன்னது சரி. அவர் சொல்லாமல் விட்டவை: பசுமை வரி, நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ். தேதி தாண்டினால் மாதத்துக்கு 300 ரூபாய் கூடுதல். காலாவதியான ஆர்.சி.யோடு ஓட்டிப் பிடிபட்டால் சட்டப்படி முதல் முறையே 2,000 முதல் 5,000 வரை அபராதம். பெயர் மாற்றமும் நின்றுவிடும்.

இதையெல்லாம்விடப் பெரிய செலவு, பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முன்னால் வண்டியை நிறுத்தும் அளவுக்குத் தேற்றுவதில் இருக்கிறது. வழுக்கை டயர், எரியாத இண்டிகேட்டர், உடைந்த கண்ணாடி, சத்தம் போடும் மாற்று சைலன்சர் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். ஆர்.சி.யில் கறுப்பு என்று இருக்க, வண்டி சிவப்பு பெயின்டில் வந்தால் அதற்கும் கேள்வி வரும்.

நேரில் பார்க்கும்போது சேசிஸ் நம்பரில் கொஞ்ச நேரம் செலவிடுங்கள். ஹேண்டில்பாரைத் திருப்பினால், அதன் தண்டு இறங்கும் குழாயின் பக்கவாட்டில் பொறித்திருக்கும். பழைய வண்டியில் துருவும் கிரீஸும் மூடியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாளை வைத்துத் தேய்க்கவே கூடாது: எழுத்து மழுங்கினால், நல்ல வண்டியும் சந்தேக வண்டி ஆகிவிடும். ஒவ்வோர் எழுத்தாக ஆர்.சி.யோடு ஒத்துப்பாருங்கள். எஞ்சின் நம்பரையும் அப்படியே. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நிலுவை அபராதம், கடன் பதிவு இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

"அதுக்கெல்லாம் எனக்கு நேரமில்ல" என்று விற்பவர் நழுவினால் இந்தச் செலவு முழுவதையும் மெக்கானிக்கிடம் கேட்டு விலையில் கழியுங்கள். கழிக்கவும் மறுத்தால் வேறு வண்டி பாருங்கள். ஊரில் ஸ்பிளெண்டருக்கா பஞ்சம்?

கேள்வி: பைக் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. புகைச் சான்றிதழ் வேண்டும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: பதிவு செய்த நாளிலிருந்து ஓராண்டு முடியும்வரை தேவையில்லை. அதன்பிறகு கட்டாயம். பி.எஸ். 4, பி.எஸ். 6 என்ற புகை அளவு விதிகளின்படி வந்த வண்டிகளுக்கு ஒருமுறை எடுத்தால் ஓராண்டு செல்லும். மேலே கேட்டவரின் 2011 வண்டி போன்ற பழையவற்றுக்கு ஆறு மாதம்தான். இல்லாமல் ஓட்டினால் சட்டத்தில் 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு சோதனைக்குக் கொண்டுபோங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் நல்ல வண்டியும் தோற்கும். குழாயை சைலன்சருக்குள் விடாமலே சான்றிதழ் அடித்துக் கொடுப்பவர்களும் உண்டு. அந்தக் காகிதத்தால் உங்கள் பெட்ரோல் மிச்சமாகப் போவதில்லை.

கேள்வி: மின்சார ஸ்கூட்டருக்கு இவை உண்டா?

பதில்: புகைச் சான்றிதழ் கிடையாது. பதிவு தேவைப்படாத, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத சிறு ரகங்கள் தவிர மற்றவற்றுக்கு இன்சூரன்ஸ், 15 ஆண்டு ஆர்.சி., அதன்பின் எஃப்.சி. எல்லாம் உண்டு.