மூளை ரத்தக்கசிவு வந்து எட்டு மாதம் ஆன நோயாளிக்கு ஐ61 போடுவதா, ஐ69 போடுவதா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: எட்டு மாதத்துக்கு முன் ரத்தக் கொதிப்பால் மூளைக்குள் ரத்தக்கசிவு, இப்போது நரம்பியல் மருத்துவரிடம் வழக்கமான பரிசோதனை, வலது பக்கம் பலவீனம், பேச்சில் குழறல், கொஞ்சம் ஞாபக மறதி. சார்ட்டில் (நோயாளியின் மருத்துவக் குறிப்பில்) மருத்துவர் ரத்தக்கசிவு என்றே எழுதியிருக்கிறார். இப்போது நடக்கும் கசிவுக்கான ஐ61 கோட் போடலாமா, எத்தனை மாதம் கழித்துப் பழைய கசிவின் பின்விளைவுக்கான ஐ69-க்கு மாற வேண்டும்?

மாதக் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். அமெரிக்காவில் நோய்களுக்குக் கோட் போடப் பயன்படும் ஐசிடி-10-சிஎம் பட்டியலில் பின்விளைவு கோடுக்குக் காலக்கெடு எதுவும் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10 பட்டியலில் "ஓராண்டோ அதற்கு மேலோ" என்று ஒரு குறிப்பு உண்டு, அதை எங்கோ படித்துவிட்டுத்தான் பலர் குழம்புகிறார்கள். நாம் பார்க்கும் அமெரிக்க சார்ட்டுக்கு அது பொருந்தாது. கசிவுக்காகப் படுக்கையில் சேர்த்துச் சிகிச்சை நடக்கிறதா? அப்போது ஐ61, கூடவே பக்கவாதத்துக்கு ஜி81, பேச்சிழப்புக்கு ஆர்47 என்று தனித்தனியாகப் போடுவோம். அந்தச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கோ மறுவாழ்வு மையத்துக்கோ போய்விட்டாரா? மூன்றே வாரம் ஆகியிருந்தாலும் ஐ69தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே தப்பைச் செய்தேன். பிசியோதெரபிக்கு வந்தவர் சார்ட்டில் ரத்தக்கசிவு என்ற வார்த்தையைப் பார்த்த வேகத்தில் ஐ61.9 போட்டு அனுப்பிவிட்டேன். ஆடிட்டர் திருப்பி அனுப்பும்போது ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "இவருக்கு இன்று மூளையில் ரத்தம் கசிகிறதா? கசிந்தால் இங்கே என்ன செய்கிறார்?" அன்றைக்கு ரொம்பக் கோபம் வந்தது, ஆனால் இன்று வரை புதியவர்களுக்கு அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இது வெறும் ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, பணமும் இருக்கிறது. மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் (அமெரிக்க முதியோருக்கான அரசுக் காப்பீட்டைத் தனியார் நிறுவனங்கள் நடத்துபவை) நோயின் கனத்தைப் பார்த்து அந்த நிறுவனங்களுக்கு அரசு தரும் தொகை கூடும். மருத்துவமனையில் சேர்ந்ததற்கான க்ளெய்ம் எதுவும் இல்லாமல், வெளிநோயாளி பில் ஒன்றில் மட்டும் புதிதாக வந்த ஸ்ட்ரோக் கோட் நின்றால், அமெரிக்க சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் தணிக்கையில் குறிவைத்துத் தேடும் இனங்களில் அது ஒன்று.

சரி, உங்கள் நோயாளிக்கு வருவோம். ஐ69-க்குள் நான்காவது இடம்தான் எந்தக் கசிவு என்று சொல்லும். 0 என்றால் மூளையின் நடு உறைக்குக் கீழான சப்அரக்னாய்டு கசிவு, 1 என்றால் மூளைத் திசுவுக்குள்ளேயே கசிவு, 2 என்றால் காயமில்லாமல் வந்த சப்டியூரல் (வெளி உறைக்குக் கீழான கசிவு) போன்ற மற்றவை, 3 என்றால் அது கசிவே இல்லை, அடைப்பு. பழைய ஐசிடி-9-இல் எல்லாவற்றுக்கும் 438 என்ற ஒரே குடும்பம்தான், எது கசிவு எது அடைப்பு என்று யாரும் கேட்கவில்லை. 2015 அக்டோபர் 1-க்குப் பிறகு அந்த வசதி போய்விட்டது. பழக்க தோஷத்தில் கை தானாக ஐ69.3-க்குப் போகும், கவனம்.

உங்களுக்கு ஐ69.1. வலது பக்க பலவீனம், அது பழைய கசிவால் வந்தது என்று மருத்துவர் எழுதியிருந்தால், ஹெமிபரெசிஸ் (ஒருபக்க பலவீனம்) என்ற மருத்துவ வார்த்தை இல்லாவிட்டாலும் பக்கவாதமாகவே எடுக்கலாம் (அமெரிக்க மருத்துவமனைச் சங்கத்தின் கோடிங் ஆலோசனை இதழான கோடிங் கிளினிக்கின் 2015 முதல் காலாண்டு இதழில் இதற்குப் பதில் இருக்கிறது). வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என்று எழுதவில்லையா? விதி இருக்கிறது: பாதிப்பு வலது பக்கம் என்றால் ஆதிக்கப் பக்கம் (அதிகம் பயன்படுத்தும் கையின் பக்கம்) என்று எடுத்துக்கொள், இடது என்றால் ஆதிக்கமில்லாத பக்கம், இரண்டு கையும் சமமாகப் பயன்படுத்துபவர் என்றால் ஆதிக்கம். ஆக ஐ69.151. இதோடு ஜி81 சேர்க்கக் கூடாது, அங்கேயே விலக்குக் குறிப்பு போட்டிருக்கிறார்கள். பின்விளைவு என்றாலே இரண்டு கோட் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள், ஐ69-இல் காரணமும் விளைவும் ஒரே கோடுக்குள் அடங்கிவிடுவதால் அது இங்கே பெரும்பாலும் வேண்டாம். விழுங்குவதில் சிரமம் மட்டும் வேறு மாதிரி, ஐ69.191 போட்டுவிட்டு எந்தக் கட்டத்தில் சிரமம் என்று ஆர்13.1 வரிசையில் இன்னொன்றும் போட வேண்டும். வலிப்பு மாதிரி தனி இடம் இல்லாதவைக்கும் அப்படித்தான், ஐ69.198-உடன் வலிப்பின் கோட்.

பேச்சுதான் வம்பு. வாய் தசை ஒத்துழைக்காமல் குழறினால் டிசார்த்ரியா, ஐ69.122. சொல்லே கிடைக்காமல் தவித்தால் அஃபேசியா, ஐ69.120. மருத்துவர் வெறுமனே குழறல் என்று எழுதியிருந்தால் நீங்களாக அதை டிசார்த்ரியா ஆக்காதீர்கள். பேச்சுப் பயிற்சியாளர் குறிப்பில் தெளிவாக இருந்தாலும் நோயின் பெயருக்கு அதை ஆதாரமாக வைக்க முடியாது, மருத்துவருக்கு க்வெரி (விளக்கம் கேட்கும் எழுத்துக் கேள்வி) போடுங்கள். ஞாபக மறதியும் கசிவால்தான் என்று எழுதியிருந்தால் ஐ69.111. 2016 அக்டோபருக்கு முன் அறிவாற்றல் குறைபாடு எல்லாமே ஒரே கோடுக்குள் கிடந்தது, இப்போது கவனம், ஞாபகம், திட்டமிடல் என்று பிரித்துவிட்டார்கள். வெறும் "மறதி" என்று மட்டும் இருந்தால் வயதால்கூட இருக்கலாம், அதுவும் க்வெரிக்குப் போகட்டும். ரத்தக் கொதிப்பு இன்னும் இருக்கிறது என்றால் ஐ10-ஐ விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, இதை யாரும் கேட்பதில்லை. இதே நோயாளி நாளைக்குப் புதிதாக ஒரு கசிவோடு வந்து சேர்ந்தால், புதியதற்கு ஐ61-உம் பழைய பலவீனத்துக்கு ஐ69-உம் சேர்த்தே போடலாம், இரண்டும் ஒன்றையொன்று வெட்டாது.

கடைசியாக, இது கீழே விழுந்து அடிபட்டதால் வந்த கசிவு இல்லையே என்று பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வயதானவர்கள் சப்டியூரலில் இது அடிக்கடி மாட்டும். அடிபட்டதென்றால் ஐ69 குடும்பமே கிடையாது. முதலில் ஜி81.9 வரிசையில் பக்கவாதம், அதன் பின் தலைக்காயத்துக்கான எஸ்06 வரிசைக் கோட், கடைசி எழுத்து எஸ் (பின்விளைவு என்பதன் அடையாளம்). விழுந்ததால் கசிந்ததா, கசிந்ததால் விழுந்தாரா என்பது சம்மரியிலும் தெளிவாக இல்லை என்றால் அந்தக் கேள்வியையும் மருத்துவருக்கான க்வெரியிலேயே சேர்த்துவிடுங்கள், ஆனால் பதிலை நீங்களே எழுதி அவர் வாயில் திணிக்கிற மாதிரி கேட்காதீர்கள், அதற்கும் ஆடிட்டர் திருப்பி அனுப்புவார்.