லாக்ராஸ் ஆடும் பிள்ளைக்கு எந்தத் தனியார் பள்ளி? கேள்வியும் பதிலும்

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் பக்கம் குடிவந்து பதினேழு வருஷமாகிறது. மகன் தனியார் பள்ளியில் லாக்ராஸ் (நுனியில் வலை கட்டிய குச்சியால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம்) ஆடி டிவிஷன் 3 கல்லூரிக்குப் போனான். மகள் கவுன்ட்டி பள்ளியிலேயே, அதாவது உள்ளூர் அரசுப் பள்ளியிலேயே படித்து இப்போது கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1-இல் ஆடுகிறாள். இரண்டு அடுப்பிலும் கையைச் சுட்டுக்கொண்டவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. வந்த கேள்விகளைச் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, பையன் ஏழாவது படிக்கிறான், மிட்ஃபீல்டு. எலிகாட் சிட்டியில் நல்ல அரசுப் பள்ளிக்காகவே வீடு வாங்கினோம். பள்ளிக்கு வெளியே அவன் ஆடும் கிளப்பின் கோச்சோ, "கல்லூரியில் ஆட வேண்டுமென்றால் எம்.ஐ.ஏ.ஏ. பள்ளிக்கு அனுப்புங்கள்" என்கிறார். தேவையா?

கோச் சொல்வதில் பாதி உண்மை, தம்பி. எம்.ஐ.ஏ.ஏ. என்பது இந்த வட்டாரத்துத் தனியார் பள்ளிகளின் ஆண்கள் லீக். அதன் ஏ பிரிவில் கால்வர்ட் ஹால், மெக்டோனா, பாய்ஸ் லாட்டின், லயோலா பிளேக்ஃபீல்டு என்று எல்லாம் கனமான அணிகள். அங்கே சேர்ந்தால் செவ்வாய்க்கிழமை பயிற்சியில்கூட உங்கள் பையனை மறிக்க நிற்பவன் நாளைக்கு டிவிஷன் 1-இல் ஆடப்போகிறவனாக இருப்பான். அந்தத் தினசரி உரசலுக்குத்தான் மதிப்பு.

மீதிப் பாதியைக் கோச் சொல்லவில்லை. பள்ளி சீசனும் வசந்த காலம், கல்லூரி சீசனும் வசந்த காலம். பிப்ரவரி முதல் மே வரை கல்லூரி கோச்சுக்குத் தன் அணியைக் கட்டி மேய்க்கவே நேரம் போதாது. உங்கள் பையன் பள்ளி மைதானத்தில் நாலு கோல் போடுகிற சாயங்காலத்தில் அவர் வேறு ஊரில் பஸ்ஸில் இருப்பார். அவர் ஆள் தேடுவது பெரும்பாலும் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் கிளப் போட்டிகளில், மடக்கு நாற்காலியும் நோட்டுமாக.

அரசுப் பள்ளியில் படித்தால் கதவு மூடிவிடும் என்பதும் இல்லை. நம் மாநிலத்தில் செவர்னா பார்க், கனெக்டிகட்டில் டேரியன், லாங் ஐலண்டில் மன்ஹாசெட் எல்லாமே அரசுப் பள்ளிகள்தான். அமெரிக்கக் கால்பந்தில் பேர் வாங்கிய ஜிம் பிரவுன் மன்ஹாசெட்டில் படித்து சைரக்யூஸ் பல்கலைக்கு லாக்ராஸ் ஆடினார். அந்த ஆட்டத்திலேயே அவரை மிஞ்ச ஆளில்லை என்பவர்கள் இன்றும் உண்டு.

நாலு வருஷம் ஃபீஸ் கட்டினால், கல்லூரியில் ஸ்காலர்ஷிப்பாகத் திரும்பி வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். சரிதானே?

தேறாத கணக்கு. இந்தப் பக்கம் பல டே ஸ்கூல்களில் வருஷத்துக்கு 30 ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. நாலு வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம், அதுவும் பஸ், ஸ்டிக், ஹெல்மெட், கிளப் ஃபீஸ் எல்லாம் சேர்க்காமல்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். சமீபம் வரை டிவிஷன் 1-இல் ஆண்கள் அணி ஒன்று கொடுக்கக்கூடிய மொத்த உதவியே 12.6 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமம், பெண்களுக்கு 12. அதை நாற்பதுக்கும் மேற்பட்ட பையன்களுக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள், கல்யாண வீட்டில் பாயசம் தீரும் நேரத்தில் கரண்டியின் நுனியால் ஊற்றுவதுபோல. 2025-இல் வந்த நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த பல்கலைகளுக்கு அந்த உச்சவரம்பு போய், ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்திருக்கிறது: ஆண்கள் அணியில் 48 பேர், பெண்கள் அணியில் 38. வரம்பு போனதால் பணம் கொட்டுகிறது என்று நினைக்காதீர்கள். இருக்கும் பணத்தில் அமெரிக்கக் கால்பந்தும் கூடைப்பந்தும் முதல் பந்தியில் உட்காரும். ஐவி லீக் (ஹார்வர்ட், யேல் போன்ற எட்டுப் பழைய பல்கலைகள்), டிவிஷன் 3 இரண்டிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவார்கள், டிவிஷன் 3-இல் சில இடங்களில் படிப்புக்கும் தருவார்கள்.

அந்தப் பள்ளியின் இங்கிலீஷ் வாத்தியாரும் சயின்ஸ் லேபும் அந்த விலைக்குத் தகும் என்று தோன்றினால் கட்டுங்கள். லாக்ராஸை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன் அக்கா. போர்டிங் ஸ்கூலுக்கு முயற்சி செய்கிறோம். எட்டாவதை இன்னொரு தடவை படித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். மாமியார் "பையன் ஃபெயிலாயிட்டானா?" என்று தினமும் ஃபோனில் கேட்கிறார்.

மாமியாரிடம் "இங்கே இதற்குப் பெயர் ரீகிளாஸ்" என்று சொன்னால் இன்னும் பயந்துவிடுவார், வேண்டாம். வயதில் ஒரு வருஷம் கூடினால் உயரமும் எடையும் கூடும், அவ்வளவுதான் விஷயம். நியூ இங்கிலாந்து போர்டிங் பள்ளிகளில் இது சர்வ சாதாரணம். பன்னிரண்டாவது முடித்துவிட்டு இன்னொரு வருஷம் பி.ஜி. என்று தங்குகிற பையன்களும் உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் கடிகாரம் ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்த நாளிலிருந்து ஓடும். டிவிஷன் 1-க்கு 16 முக்கியப் பாடங்கள் வேண்டும், அதில் 10 பாடங்கள் ஏழாவது செமஸ்டர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும். மொத்தத்தையும் முதல் நாலு வருஷத்துக்குள் முடிக்கவேண்டும். அதன்பிறகு ஒரே ஒரு பாடத்துக்குத்தான் சலுகை. எட்டாவதைத் திரும்பப் படித்தால் இந்தக் கணக்கில் சேராது. பத்தாவதையோ பதினொன்றையோ திரும்பப் படித்தால் சிக்கும்.

என் சொந்த அபிப்பிராயம்: ஆகஸ்டில் பிறந்து வகுப்பிலேயே சின்னவனாக இருக்கும் பையனுக்கு இது நல்லது. ஏற்கெனவே மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக நிற்பவனுக்கு வீண். முக்கியமாக, அவனைக் கேட்டீர்களா?

பள்ளியைப் பார்க்கப் போகும்போது என்ன கேட்க வேண்டும்?

இதில் நான் ஏமாந்தவள், அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் பள்ளியில் வார்சிட்டி (பள்ளியின் முதல் அணி) கோச் எங்களை ஒரு கண்ணாடி அலமாரி முன் நிறுத்தி, எந்த மாணவன் எந்தக் கல்லூரிக்குப் போனான் என்று ஒவ்வொரு படமாகக் காட்டினார். இருபது நிமிஷம். நானும் வாயைப் பிளந்து பார்த்தேன். என் மகன் கோலி, கோல் காப்பவன். அவன் வகுப்பில் இன்னும் இரண்டு கோலிகளை அதே வருஷம் எடுத்திருக்கிறார்கள் என்பது செப்டம்பரில்தான் தெரிந்தது. வலைக்கு முன்னால் நிற்கப்போவது ஒருவன். இரண்டு வருஷம் என் பையன் ஜே.வி. (இரண்டாம் அணி) பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் நிரப்பினான். திரும்பி வரும்போது காரில் ஒரு வார்த்தை பேசமாட்டான், பின்னால் அந்த நாற்றம் பிடித்த பை மட்டும் பேசும்.

அதனால் அலமாரியை விடுங்கள். போன மூன்று வருஷத்து அணிப் பட்டியலை எடுங்கள். உங்கள் பிள்ளையின் இடத்தில், அவன் வகுப்பிலும் அதற்கு ஒரு வகுப்பு மேலேயும் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். கோலிக்கும் ஃபேஸ் ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கப் பந்துக்காக இருவர் மோதுவது) எடுப்பவனுக்கும் இது உயிர் நாடி. அப்புறம் கோச்சிடம் நேராகவே கேளுங்கள்: "இவன் வகுப்பில் இன்னும் எத்தனை கோலிகளை எடுக்கப்போகிறீர்கள்?" நல்ல கோச் எண்ணைச் சொல்வார். "திறமைக்கு எப்போதும் இடமுண்டு" என்று ஆரம்பித்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பெஞ்சில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்றும் கேளுங்கள். நட்சத்திரப் பிள்ளை எந்தப் பள்ளியில் இருந்தாலும் போயிருப்பான். பதினெட்டாவது ஆளுக்காகக் கோச் ஃபோனை எடுத்தாரா என்பதில் இருக்கிறது பள்ளியின் யோக்கியதை. ஏனென்றால் கிளப் போட்டியில் பிடித்துப்போன பையனைப் பற்றிக் கல்லூரி கோச் கடைசியில் விசாரிப்பது பள்ளி கோச்சிடம்: நேரத்துக்கு வருவானா, தோற்றால் எப்படி நடந்துகொள்வான்?

மறக்காமல், ஒன்பதாவதில் அவனை எந்தக் கணக்கு வகுப்பில் போடுவார்கள் என்று கேளுங்கள். நம்மவர்களே இதை மறந்துவிடுவது எனக்கு ஆச்சரியம். ஐவியிலும் நல்ல டிவிஷன் 3 கல்லூரிகளிலும் கோச்சுக்குப் பிடித்தால் மட்டும் போதாது. பதினோராவது முடிந்த கோடையில் அட்மிஷன் அலுவலகம் மதிப்பெண் பட்டியலை முன்கூட்டியே வாங்கிப் பார்க்கும். அவர்கள் உதட்டைப் பிதுக்கினால் கோச் அடுத்த பையனிடம் போய்விடுவார். என் மகனைக் காப்பாற்றியது அந்தப் பட்டியல்தான். அதற்கு மட்டும் அந்தப் பள்ளிக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

மகள் ஒன்பதாவது. இருபது கல்லூரி கோச்சுகளுக்கு மெயில் அனுப்பினாள், யாரும் மதிக்கவில்லை. பள்ளி சரியில்லையோ?

பள்ளி மேல் பழி போடாதீர்கள்மா. டிவிஷன் 1 கோச் பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1 வரை அவளோடு பேசக் கூடாது, அது விதி. முன்பெல்லாம் எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளிடமே வாக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2017-இல் அதற்குப் பூட்டுப் போட்டார்கள். மெயிலைப் படித்திருப்பார்கள். ஆட்ட அட்டவணை அனுப்புவதை மட்டும் அவள் நிறுத்த வேண்டாம்.

பெண் பிள்ளைக்குப் பள்ளி என்றால் மெக்டோனாதானா?

2018-இல் முடிந்த தொடரில் அவர்கள் பெண்கள் அணி வரிசையாக 198 ஆட்டம் ஜெயித்தது. அதனால் எல்லோர் வாயிலும் அந்தப் பெயர். ஆனால் ஐ.ஏ.ஏ.எம். என்ற பெண்கள் லீக்கில் நோட்டர் டேம் ப்ரெப் போல வேறு நல்ல பள்ளிகளும் உண்டு. பெண்களுக்கு டிவிஷன் 1 அணிகளும் ஆண்களைவிட அதிகம். அவசரப்படாமல் நாலைந்து பள்ளி பாருங்கள்.

நாங்கள் இரண்டு பேரும் ஐ.டி. பள்ளி ஃபீஸுக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட்டால் மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். ஊரில் அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்புவது, மருத்துவச் செலவு எல்லாவற்றையும் விளக்கி எழுதுங்கள். படிவத்தின் பெட்டிகளில் அடங்காவிட்டால் தனிக் கடிதமாக வையுங்கள். போர்டிங் பள்ளிகள் பலவற்றுக்கு ஜனவரி 15 கடைசி நாள், முடிவு மார்ச் 10-ஆம் தேதி வரும். அங்கே வருஷத்துக்கு 70 ஆயிரம் டாலரைத் தாண்டுவதால் உதவி கேட்பதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. பிலிப்ஸ் அகாடமி ஆண்டோவர் போன்ற ஓரிரு இடங்களில் அட்மிஷன் முடிவுக்கும் உங்கள் வருமானத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

டென்னிஸ், செஸ் எல்லாம் இருக்க இந்த விளையாட்டு எதற்கு?

என் அம்மாவும் கேட்டார். வீடியோ காலில் ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு "ஜல்லிக்கரண்டியை எடுத்துக்கிட்டு எங்கடா ஓடுற?" என்றார். வட அமெரிக்காவின் ஹோடனோஷோனி பழங்குடி மக்களின் புனித ஆட்டம் அது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

ஆன்ட்டி, நான் பத்தாவது. அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் கேட்கிறேன். தனியார் பள்ளியில் ஜே.வி.யில் இருக்கிறேன், ஆடவே விடுவதில்லை. பழைய கவுன்ட்டி பள்ளிக்கே போகலாமா?

போகலாம் கண்ணா, அதில் தலைகுனிவு ஒன்றும் இல்லை. முதலில் கோச்சிடம் தனியாகப் பத்து நிமிஷம் கேள். அடுத்த வருஷம் உன்னை எங்கே வைத்துப் பார்க்கிறார் என்று மட்டும் கேள், வாதாடாதே. மாறினால் உடனே ஆட விடுவார்களா என்பதைக் கவுன்ட்டி விளையாட்டு அலுவலகத்தில் முன்னாலேயே விசாரித்துவிட வேண்டும், பாடங்கள் ஒத்துப்போகிறதா என்று கவுன்சிலரிடமும். அப்புறம் அடுத்த ஜே.வி. ஆட்டத்துக்கு அப்பாவைக் கூப்பிடு. நீ பெஞ்சில் இருப்பதை அவர் ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும். அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் நீ பேச்சை ஆரம்பிக்க வேண்டிய அவசியமே இருக்காது.