கொள்ளுத்தாத்தாவின் ஊரைக் குடும்பப் பெயர் சொல்லுமா?

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான்காம் தலைமுறை. குடும்பப் பெயர் கோவெண்டர். கொள்ளுத்தாத்தா மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தார் என்பது மட்டும்தான் தெரியும். பெயரை வைத்து எங்கள் பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பெயரை வைத்து முடியாது. அவருடைய ஒப்பந்த எண்ணை வைத்து முடியும்.

தமிழர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர் பழக்கம் கிடையாது. அப்பா பெயர்தான் முன்னால் நிற்கும். டர்பன் இருந்த அன்றைய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலில் பதிவேட்டுக்குக் குடும்பப் பெயர் தேவைப்பட்டபோது, சிலருக்குச் சாதிப் பட்டப்பெயர் நிலைத்தது. கவுண்டர் கோவெண்டர் ஆனது, முதலி மூட்லி ஆனது என்பார்கள். வேறு சிலருக்கு அப்பாவின் பெயரான பெருமாளோ முனுசாமியோ அப்படியே ஒட்டிக்கொண்டது. அதனால் கோவெண்டர்கள் எல்லோரும் உறவினர் அல்லர். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் கூடப்பிறந்தவர் வழியில் வந்தவர்கள் இன்று வேறு குடும்பப் பெயரோடு பக்கத்துத் தெருவிலேயே இருக்கலாம்.

சரி, எண்ணுக்கு வருவோம். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் வந்து நின்றது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலில் இருந்த தழும்புகூட எழுதப்பட்டிருக்கும். நீங்கள் தேடும் ஊர் அந்த ஒற்றை வரியில்தான் இருக்கிறது.

எண் பெரும்பாலும் வீட்டிலேயே கிடைக்கும். பழைய திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஒப்பந்தம் முடிந்தபோது கொடுத்த தாள் ஆகியவற்றைப் பாருங்கள். பெரிய அத்தைகளிடமும் கேளுங்கள். இதையெல்லாம் பத்திரமாக வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். கிடைக்காவிட்டால் பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் அவருடைய சொத்துக் கோப்பைத் தேடுங்கள். அதிலுள்ள இறப்பு அறிவிப்பில் பெற்றோர் பெயர் இருக்க வாய்ப்புண்டு; அதை வைத்துக் கப்பல் பட்டியலில் அவரைத் தேடலாம்.

பட்டியலைப் படிக்கும்போது ஆங்கில எழுத்துகளைக் கண்ணால் பார்க்காமல் வாய்விட்டுப் படியுங்கள். காதில் விழுந்ததை எழுத்தர் எழுதியது அது. 'மூன்சாமி' முனுசாமியாகவோ முனிசாமியாகவோ இருக்கலாம். ஊர்ப் பெயர்களும் இப்படித்தான் உருமாறிக் கிடக்கும். மதராஸ் என்பது கப்பலேறிய துறைமுகம், ஊர் அல்ல.

அப்புறம், மாவட்ட எல்லைகளைக் கவனியுங்கள். பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பட்டியலில் 'வட ஆற்காடு' என்றிருந்தால் வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை பக்கம் மட்டும் தேடினால் போதாது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை சித்தூர், சந்திரகிரி பகுதிகளும் அதில்தான் இருந்தன. உங்கள் ஊர் இன்று ஆந்திராவில் இருக்கக்கூடும். தாலுகா பெயரை முதலில் உறுதி செய்துகொண்டு, பிறகு கிராமத்துக்குப் போங்கள்.

கொள்ளுப்பாட்டியை விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் வந்த பெண்ணுக்கும் தனி எண், அப்பா பெயர், ஊர் எல்லாம் பதிவாகியிருக்கும். ஒன்றாகக் கப்பலேறிய குடும்பத்துக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்கள்தான். தாத்தாவின் எண் கிடைத்ததும் அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகளையும் படியுங்கள். பாட்டி அங்கேயே இருக்கலாம்.