இரத்தம் கொடுத்த களைப்பும் அம்மாவின் பீட்ரூட் சாறும்

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன், வயது 29. ஐந்து வாரங்களுக்கு முன் அலுவலகத்தில் நடந்த முகாமில் முதல்முறையாக இரத்ததானம் செய்தேன். இன்னும் மாடிப்படி ஏறினால் களைக்கிறது. அம்மா தினமும் பீட்ரூட் சாறு தருகிறார். போன இரத்தம் எத்தனை நாளில் ஊறும்?

பதில்: ஓரிரு நாளில் ஊறிவிடும் என்றும் சொல்லலாம், மாதக்கணக்கில் ஆகும் என்றும் சொல்லலாம். எந்தப் பகுதியைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

உங்களிடம் எடுத்தது சுமார் 450 மில்லிலீட்டர். அதில் பாதிக்குச் சற்று அதிகமானது திரவவிழையம், அதாவது புரதமும் உப்பும் சீனியும் கரைந்த மஞ்சள் நீர். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால், நன்றாகக் குடித்தாலே ஓரிரு நாளில் நிரம்பிவிடும். கிருமிகளோடு போராடும் வெண்குழியங்களும், காயத்தில் இரத்தத்தை உறைய வைக்கும் சிறுதட்டுகளும் சில நாட்களில் மீண்டுவிடும்.

சுணங்குவது செங்குழியம்தான். ஒட்சிசனைச் சுமப்பது அது. அது குறைந்தால்தான் படியில் மூச்சு வாங்கும். ஒட்சிசன் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்து ஒரு ஹோர்மோனைச் சுரக்க, செங்குழியங்களை உருவாக்கும் எலும்பு மச்சை (எலும்புக்குள் இருக்கும் மென்மையான பகுதி) வேலையைக் கூட்டும். சாதாரண நாளிலேயே அங்கே விநாடிக்கு ஏறக்குறைய 20 இலட்சம் செங்குழியங்கள் பிறக்கின்றன! அப்படியிருந்தும் இழப்பை ஈடுசெய்ய நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதைவிடக் கூடவும் பிடிக்கும்.

இதில்தான் இரும்பின் கணக்கு வருகிறது. செங்குழியத்துக்குள் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும் ஈமோகுளோபின் என்ற புரதத்தைச் செய்ய இரும்பு வேண்டும். செங்குழியம் சுமார் 120 நாளில் இறந்தாலும் உடல் அதன் இரும்பை வீசுவதில்லை, எடுத்து மறுபடி பயன்படுத்தும். நல்ல சிக்கனம். ஆனால் பையில் போன இரும்பு போனதுதான்: 200 முதல் 250 மில்லிகிராம். உணவிலிருந்து நாளொன்றுக்கு உடல் உறிஞ்சுவதோ ஒன்றிரண்டு மில்லிகிராம். மாதவிடாயில் கொஞ்சம் போகும் பெண்களுக்குச் சேமிப்பு முன்பே குறைவாக இருக்கக்கூடும்.

பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரத்தத்தின் சிவப்புக்கும் உறவில்லை. அது வெறும் தாவரச் சாயம். அதில் இரும்பும் அதிகமில்லை. (மறுநாள் சிறுநீர் சிவந்து போனால் பயப்படாதீர்கள், அதே சாயம்தான்.) ஈரல், இறைச்சி, மீன் இவற்றிலுள்ள இரும்பு எளிதில் சேரும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவரென்றால் பருப்பு, கௌபி, கீரை. கூடவே தேசிக்காய்ப் புளியோ கொய்யாப்பழமோ சேர்த்தால் அந்த இரும்பும் எளிதில் சேரும். இன்னொன்று, நம் ஊரில் சொன்னால் கோபிப்பார்கள்: சோறு சாப்பிட்ட கையோடு தேநீர் வேண்டாம். பிளேன்டீயும் இரும்பைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் விட்டுக் குடியுங்கள்.

ஐந்து வாரமாகியும் களைப்பு இருப்பதால் மருத்துவரைப் பார்த்து முழு இரத்தப் பரிசோதனையோடு ஃபெரிட்டினையும் பார்த்துவிடுங்கள். ஈமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின். நீங்களாகவே இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். செங்குழியம் சிறுத்திருப்பதற்கு இரும்புக் குறைவு மட்டுமல்ல, தலசீமியாக் காவியாக (தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் மரபணுவைச் சுமப்பவராக) இருப்பதும் காரணமாகலாம், அதற்கு இரும்பு மருந்தல்ல. மூச்சுத் திணறலோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

மறுபடி கொடுக்கலாமா என்றால், தாராளமாக. இலங்கையில் இரு தானங்களுக்கிடையே நான்கு மாதம் விட வேண்டும். ஈமோகுளோபின் ஒரு டெசிலீட்டர் (100 மில்லிலீட்டர்) இரத்தத்தில் 12 கிராமுக்கு மேல் இருக்கிறதா என்று ஊசி போடுமுன் அவர்களே பார்ப்பார்கள்.