மகளின் தீசிஸும் கடைக்காரர் காட்டும் சதவீதமும்

கேள்வி: என் மகள் எம்.டி. பொது மருத்துவம் படிக்கிறாள். தீசிஸில் (ஆய்வேட்டில்) சில பக்கங்களை சாட்ஜிபிடி உதவியோடு எழுதியிருக்கிறாள். கல்லூரி எதிரே பைண்டிங் கடை வைத்திருப்பவர், "ஏ.ஐ. 38 சதவீதம் காட்டுகிறது. பத்தைத் தாண்டினால் தள்ளிவிடுவார்கள். 18,000 ரூபாய் கொடுங்கள், குறைத்துத் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வேறு வேறான இரண்டு கணக்குகளைக் கலந்து அவர் உங்களைப் பயமுறுத்துகிறார். பத்து சதவீதம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிகளில் உள்ளது. பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கான வரம்பு அது. ஏ.ஐ. எழுதியதா என்று ஊகிக்கும் மென்பொருள் வேறு. அதை நம்பவும் முடியாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படியொரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஏ.ஐ. எழுதியவை என்று இத்தகைய கருவிகள் தவறாகச் சொன்னதை, அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

கடைக்காரர் 'குறைப்பது' எப்படித் தெரியுமா? இன்னொரு மென்பொருளில் போட்டு வார்த்தைகளை மாற்றுவார். மருத்துவச் சொற்கள் சிதைந்துபோகும். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் மகள்தான். அதோடு எல்லா நோயாளிகளின் விவரங்களையும் தொகுத்த அட்டவணையான மாஸ்டர் சார்ட்டும், அதிலுள்ள ஐ.பி. எண்களும் (உள்நோயாளி எண்களும்) அந்தக் கடையின் கணினியில் தங்கிவிடும்.

நான் கவலைப்படுவது இதற்குத்தான். உங்கள் மகள் கேஸ் ஷீட்டில் (நோயாளியின் சிகிச்சைப் பதிவில்) உள்ள விவரங்களைச் சாட்ஜிபிடியில் ஒட்டினாரா? கேளுங்கள். நோயாளி கையெழுத்திட்டது ஆய்வுக்கு. தன் விவரம் வெளி நிறுவனத்தின் சர்வருக்குப் போவதற்கு அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2023 ஏ.ஐ. நெறிமுறைகளும் நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்கின்றன. ஒட்டியிருந்தால் அந்த உரையாடலை அழித்துவிட்டு, கைடிடம் (ஆய்வு வழிகாட்டியிடம்) மறைக்காமல் சொல்லட்டும்.

ஆங்கிலத்தைத் திருத்த மட்டும் பயன்படுத்தினால்? அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு இலக்கணம் சரிபார்க்க ஆள் இல்லை, கருவி உதவட்டும். ஆனால் தன் வாக்கியத்தை அவரே முதலில் எழுதியிருக்க வேண்டும், பெயர், எண், தேதி எதுவும் அதில் இருக்கக் கூடாது, திருத்தியபின் பொருள் மாறவில்லை என்று வரிவரியாகப் படிக்க வேண்டும், பயன்படுத்தியதைத் தீசிஸிலேயே குறிப்பிட வேண்டும். கருத்துகளையே அது எழுதித் தந்திருந்தால், அந்தப் பக்கங்களை அவர் திரும்ப எழுதுவதுதான் வழி.

இரவு பகலாக வார்டில் நிற்கவைத்து, தீசிஸ் எழுத நேரம் தராமல், கடைசி வாரத்தில் படிக்காமலேயே கையெழுத்திடும் கைடுகள் இருக்கும்வரை இந்தக் கடைகள் ஒழியாது. ஏ.ஐ.யை எதுவரை பயன்படுத்தலாம் என்று முதலாண்டிலேயே அரைமணி நேரம் சொல்லித்தர எந்தத் துறைக்கு முடியாது?

இந்த வாரமே மேற்கோள் காட்டிய கட்டுரைகள் ஒவ்வொன்றையும், மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாத கட்டுரையை இருப்பதுபோல் சாட்ஜிபிடி எழுதித் தரும். கிடைக்காததை நீக்கிவிடட்டும்.