மழைக்கு முன்பே தெருவில் நிவாரணப் பொருள்களைச் சேமிக்க எப்படித் திட்டமிடுவது?

மதுரையில் வைகையின் வடகரையிலுள்ள செல்லூரில் நூறு பேர் இருக்கும் தெருவுக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன வாங்குவது என்பதைவிட எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்த் தெருக்களுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. தரைத்தளத்தில் அடுக்கிய அரிசி மூட்டைதான் முதலில் நனையும், அதனால் மாடிதான் சரி. வைகையில் வெள்ளம் வந்தால் தரைப்பாலத்தை அடைத்துவிடுவார்கள். அப்போது தென்கரைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் வைத்தால், மூன்று நாளுக்கு 900 லிட்டர் ஆகும். அதாவது 20 லிட்டர் கேன் 45. இவ்வளவையும் மாதக்கணக்கில் அடுக்கி வைக்க முடியாது. தண்ணீர் போடுபவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். எச்சரிக்கை வந்த அன்றே இறக்க வேண்டும், மாடியேற்ற ஆளும் வேண்டும்.

எந்த எச்சரிக்கை? வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. ஆனால் ஊருக்குள் கொட்டும் மழை அணையைக் கேட்டு வராது. வானிலை மையம் மதுரைக்கு ஆரஞ்சு எச்சரிக்கை விட்டாலே வேலையைத் தொடங்குங்கள்.

அவல், பொரிகடலை, ரஸ்க், பால் பவுடர், ஓ.ஆர்.எஸ்., நாப்கின், டார்ச் எல்லாம் சுலபம். பலரும் விடுவது ஆள் பட்டியலைத்தான். இன்சுலின் போடுபவர், டயாலிசிஸ் செய்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, படுக்கையில் இருப்பவர் யார், எந்த வீடு என்று எழுதி இரண்டு பேரிடம் கொடுங்கள். இவர்களைத் தண்ணீர் ஏறுமுன் வெளியேற்ற வேண்டும். உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.